எப்போது பேசலாம்?

கும்பகோணத்தில் ஒரு தாயார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 72. கணவர் காலமாகிவிட்டார். வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் நான்கு பேர். மூத்த மகன் சென்னையில் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறார். அடுத்தவர் சிங்கப்பூரில் என்ஜினீயர். மகள் துபாயில் நர்ஸ். கடைசி மகன் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. கால் மட்டும் வீங்கியது. பக்கத்து வீட்டார் ஓடி வந்து தூக்கினார்கள். டாக்டர் பார்த்தார். "இனிமேல் இவரைத் தனியாக விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இனி யாருடன் இருப்பது? சென்னைக்குப் போவதா? கும்பகோணத்திலேயே துணைக்கு ஆள் வைப்பதா? வீட்டைப் பூட்டுவதா, வாடகைக்கு விடுவதா? நான்கு பேரும் ஒன்றாகப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எப்போது?

"இன்று இரவு ஒன்பது மணிக்குப் பேசலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார் மூத்தவர்.

"அண்ணா, இங்கே அப்போது பதினொன்றரை மணி. விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும்" என்றார் சிங்கப்பூர்த் தம்பி.

"அப்படியானால் நாளை மத்தியானம்?"

"நாளை எனக்குப் பகல் டியூட்டி அண்ணா" என்றார் துபாய்த் தங்கை.

"சரி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி?"

"அண்ணா, பத்து மணி என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை!" என்றார் நியூஜெர்சித் தம்பி.

இப்படியே ஐந்து நாட்கள் போயின. நாற்பது செய்திகள் பறந்தன. நாள் மட்டும் குறித்தபாடில்லை. கும்பகோணத்தில் அம்மா கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தாயிடம் பாசம் இல்லையா? உண்டு. பாசம் இல்லாதவர்கள் நாற்பது செய்தி அனுப்ப மாட்டார்கள். குறை பாசத்தில் இல்லை. கேட்கும் முறையில் இருக்கிறது.

வீசம் கணக்கு

இதில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு நிமிஷத்தில் போட்டுக் காட்டிவிடுவார்.

ஒரு மனிதருக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பாதி வேலை, பாதி ஒழிந்த நேரம் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் போய் ஏதாவது ஒரு நேரத்தைச் சொன்னால் அது ஒத்துவருவதற்கு இடம் அரை. இரண்டு பேருக்கும் ஒத்துவர வேண்டும் என்றால் அரையில் பாதி, கால். மூன்று பேர் என்றால் அரைக்கால். நான்கு பேர் என்றால் வீசம். அதாவது பதினாறில் ஒரு பங்கு!

பதினாறு நேரங்களைச் சொல்லிப் பார்த்தால், சராசரியாக ஒன்றுதான் தேறும். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் அது அரை வீசமாகிவிடும். இதிலே ஒருவருக்குப் பகல், இன்னொருவருக்கு இரவு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, "இந்த நேரம் சரியா? அந்த நேரம் சரியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவது, இருட்டில் ஊசி தேடுவதைப் போன்றது. விளக்கை ஏற்றிவிட்டுத் தேடினால் என்ன?

அந்த விளக்கு இப்போது எல்லாருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. கைப்பேசியில் உள்ள காலண்டர்தான் அது. அதில் "என் ஒழிந்த நேரம் இவை" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வழி இருக்கிறது. நான்கு பேருடைய காலண்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நான்கிலும் வெறுமையாக இருக்கும் இடம் எது என்பது உடனே தெரிந்துவிடும். நாற்பது செய்தி தேவையில்லை; ஒரு பார்வை போதும்.

இதை ஆபீஸ்காரர்கள் நெடுநாளாகச் செய்து வருகிறார்கள். வீடுகளில்தான் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. வர வேண்டும்.

இது புதிய வழக்கமா?

"என் நேரத்தை நான் ஏன் ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இது புதிய வழக்கமே அல்ல.

டாக்டர் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. "பார்வை நேரம்: காலை 9 முதல் 12 வரை" என்று எழுதியிருக்கிறது. கோவிலில் நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் எழுதியிருக்கிறது. யாரும் நடை சாத்திய பிறகு போய்க் கதவைத் தட்டுவதில்லை.

வீட்டுச் சுவரைப் பாருங்கள். சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் தொங்குகிறது. அதிலே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மனப்பாடம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் "பெண் பார்க்க வருகிறோம்" என்று எந்தச் சம்பந்தியும் சொல்ல மாட்டார். எல்லாருக்கும் பொதுவான நேரக் கணக்கு ஒன்று இருந்தபடியால், பேச்சு மிச்சமாயிற்று, மனக்கசப்பும் மிச்சமாயிற்று.

கைப்பேசிக் காலண்டர் செய்வதும் இதே வேலைதான். சுவர்க் காலண்டர் ஊருக்கு நல்ல நேரம் சொல்கிறது. கைப்பேசிக் காலண்டர் அவரவருடைய நல்ல நேரத்தைச் சொல்கிறது.

எப்படி வந்தது?

ஆளுக்கொரு கம்பெனியின் காலண்டர் வைத்திருந்தால், ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரிய வேண்டுமே! அதற்காக 1998-ஆம் ஆண்டில் "ஐகேலண்டர்" என்ற பொது விதி ஒன்றை வகுத்தார்கள். 2009-இல் அதைத் திருத்தி எழுதினார்கள்.

அந்த விதியில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வேலையாக இருக்கிறார் என்பதை மட்டும் தனியாகச் சொல்லலாம். என்ன வேலை, யாருடன், எங்கே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நேரம் வேறு, காரணம் வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார்கள். இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான்.

2006-இல் கூகிள் காலண்டர் வந்தது. ஆபீஸ் எல்லைக்குள் இருந்த வசதி சாதாரண மக்கள் கைக்கும் எட்டியது. 2007-இல் சுவிட்சர்லாந்தில், ஜூரிச் நகரில், "டூடுல்" கம்பெனி ஏற்பட்டது. பல பேர் சேர்ந்து ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க அது உதவுகிறது. நாலைந்து நாட்களை எழுதி அனுப்பினால், அவரவர் தமக்கு ஒத்த நாளில் குறி போடுகிறார்கள். அதிகக் குறி விழுந்த நாளே கூடும் நாள்.

2013-இல் அமெரிக்காவில் "கேலண்ட்லி" வந்தது. அதைத் தொடங்கியவர் டோப் அவோடோனா. நைஜீரியா நாட்டில், லாகோஸ் நகரில் பிறந்தவர். விற்பனை வேலையில் இருந்தபோது, ஒரு சந்திப்புக்கு நாள் குறிக்க மாறி மாறிக் கடிதம் அனுப்பி அலுத்துப்போனவர். அந்த அலுப்பே அவருக்கு முதலாயிற்று. அவர் ஏற்படுத்திய முறைப்படி, ஒருவர் தம் ஒழிந்த நேரங்களை ஒரு பக்கத்தில் காட்டுகிறார். பார்க்க வேண்டியவர் அதில் ஒன்றைத் தொடுகிறார். தொட்டவுடன் அந்த நேரம் இருவர் காலண்டரிலும் ஏறிவிடுகிறது. மற்றவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டைத் தாயகமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் இப்படிப்பட்ட காலண்டரையும் முன்பதிவு வசதியையும் உலகத்துக்கு விற்கிறது. நம் வீட்டுப் பக்கத்திலேயே செய்யப்படுகிற பண்டம்தான் இது!

கடிகாரக் குழப்பம்

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. கடிகாரக் கணக்கு தானாக நடந்துவிடுகிறது.

நேரக் குழப்பம் நமக்குப் பழைய நோய். இந்தியாவுக்கு ஒரே நேரம் என்ற ஏற்பாடு 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிதான் வந்தது. அதற்கு முன்பு ரயில்கள் "சென்னை நேரம்" பார்த்து ஓடின. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஸ்டேஷனுக்குப் போனவர் ரயிலைத் தவறவிட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது!

இன்று அந்தக் குழப்பம் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. நம் கடிகாரத்தைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால் போகிறது. துபாய் ஒன்றரை மணி பின்னால் வருகிறது. இவை இரண்டும் வருஷம் முழுவதும் மாறுவதில்லை. நியூஜெர்சிதான் வேடிக்கை. அங்கே மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னே இழுக்கிறார்கள். ஆகவே கோடையில் அது நமக்கு ஒன்பதரை மணி பின்னால். குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால்.

விரலை மடக்கி எண்ணினால் தப்பு வரத்தான் செய்யும். காலண்டரில் குறித்துவிட்டால், கும்பகோணத்தில் மாலை ஏழு என்று எழுதியது சிங்கப்பூர்க்காரர் கண்ணுக்கு இரவு ஒன்பதரை என்றே தெரியும். அவரவர் ஊர்க் கடிகாரப்படியே அவரவருக்குக் காட்டும்.

இது அகம்பாவமா?

இதை எதிர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

"என் நேரம் எல்லாம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். பெற்றுக்கொள்பவருக்குச் சுருக்கென்கிறது. "இவர் என்ன பெரிய சமஸ்தானமா? நான் வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டுமா?" என்று தோன்றுகிறது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவில் ட்விட்டர் தளத்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. இது யார் பெரியவர், யார் சிறியவர் என்று காட்டும் செயல் என்று ஒரு சாரார் சொன்னார்கள். இது நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல வழி, இதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது என்று மறு சாரார் கேட்டார்கள்.

குற்றம் காலண்டரில் இல்லை. நீட்டும் கையில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்தும் கொடுக்கலாம். வாசலில் நின்று வீசிவிட்டும் போகலாம். பத்திரிகை ஒன்றுதான். கொடுக்கும் முறைதான் வேறு.

உதவி கேட்டுப் போகிறவர், "இதைப் பார்த்து நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அது முறையல்ல. "உங்களுக்கு வசதியான நேரம் எது? சொன்னால் வருகிறேன். உங்களுக்கு எளிதாக இருக்குமானால், என் ஒழிந்த நேரங்களையும் இதில் குறித்திருக்கிறேன்" என்று சொன்னால், அதுவே பணிவாகிவிடும். தாய்மாமனிடமும் பழைய வாத்தியாரிடமும் இந்தப் பக்கத்தை அனுப்பவே வேண்டாம். போனை எடுத்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் நேரில் போக வேண்டும்.

கதவு வேறு, பீரோ வேறு

இரண்டாவது பயம் இதைவிடப் பெரியது. "என் விவகாரம் எல்லாம் வெளியே தெரிந்துவிடாதா?"

கவனமில்லாவிட்டால் தெரிந்துதான் போகும். 2019-ஆம் ஆண்டில் இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான கூகிள் காலண்டர்கள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன என்றார் அவர். யாரும் பூட்டை உடைக்கவில்லை. வைத்திருந்தவர்களே "எல்லாரும் பார்க்கலாம்" என்ற இடத்தைத் தொட்டுவிட்டு, அதை மறந்திருந்தார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். காலண்டரைக் காட்டுவதிலும் அளவு உண்டு. கூகிள் காலண்டரில் யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். முதல் படியில், வேலையா ஒழிவா என்பது மட்டும் தெரியும். அடுத்த படியில், என்ன வேலை என்ற விவரமும் தெரியும். அதற்கும் மேலே போனால், பார்ப்பவர் அதைத் திருத்தவும் செய்யலாம். வெளியாருக்கு முதல் படி போதும். உடன்பிறந்தவர்களுக்குக்கூட முதல் படி போதும். "எல்லாரும் பார்க்கலாம்" என்ற இடத்தைக் குடும்பக் காலண்டரில் தொடவே கூடாது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? ஒருவர் காலண்டரில் "புற்றுநோய் ஆஸ்பத்திரி, பத்து மணி" என்று எழுதியிருக்கலாம். இன்னொருவர் வேறு கம்பெனியில் வேலை கேட்கப் போகும் நாளைக் குறித்திருக்கலாம். "இருபதாம் தேதி முதல் திருப்பதி யாத்திரை, வீடு பூட்டு" என்று எழுதியிருந்தால், அது திருடனுக்கு அனுப்பிய அழைப்பிதழ்! கூடத்துக் கதவைத் திறந்து வைக்கலாம். பீரோவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. நேரத்தைக் காட்டினால் போதும். காரணத்தை யாரும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

வெறும் கட்டம் எல்லாம் பொது நிலமா?

மூன்றாவது ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. காலண்டர் திறந்திருந்தால், திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாகப் பிறர் வேலை உள்ளே புகுந்துவிடும்.

ஆபீசில் மேலதிகாரி பார்க்கிறார். மாலை ஆறு முதல் ஏழு வரை கட்டம் வெறுமையாக இருக்கிறது. "ஆள் சும்மா இருக்கிறார்" என்று நினைத்து அங்கே ஒரு கூட்டத்தை வைத்துவிடுகிறார். ஆனால் அந்த ஆறு மணி சும்மா இருக்கும் நேரமா? பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரம். வீட்டுக்குக் காய்கறி வாங்கும் நேரம். வயதான தகப்பனாருக்கு மருந்து கொடுக்கும் நேரம். இவற்றைக் காலண்டரில் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையை மட்டுமே வேலை என்று எழுதுகிறார்கள்.

இதில் அதிகம் அகப்பட்டுக்கொள்கிறவர்கள் வேலைக்குப் போகும் பெண்கள். வீட்டில் அவர்கள் பார்க்கும் வேலை எந்தக் காலண்டரிலும் ஏறுவதில்லை. எழுதாத வேலை இல்லாத வேலையாகிவிடுகிறது.

ஆகவே, நேரத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். சாப்பாட்டு நேரம், பிள்ளைகளின் பாட நேரம், தூங்கும் நேரம் ஆகியவற்றை முதலில் குறித்து அடைத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் ஒழிந்த நேரம். நாளைக்கு இத்தனை சந்திப்புக்கு மேல் வேண்டாம், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே கால் மணி இடைவெளி வேண்டும், ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் யாரும் நேரம் எடுக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு வைக்கவும் இந்த வசதிகளில் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளாதவர், பிறகு நேரமில்லை என்று புலம்பிப் பயனில்லை.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டம் வெறுமையாக இருப்பது அனுமதி அல்ல. "இந்த நேரம் ஒத்துவருமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் யாருடைய அந்தஸ்தும் குறைந்துவிடாது.

காலண்டர் இல்லாதவர்கள்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. இந்த விளக்கு எல்லா வீட்டிலும் எரியவில்லை.

2021-ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசி போட்டது நினைவிருக்கும். "கோவின்" என்ற இணையத் தளத்தில் எந்த ஊரில், எந்த மையத்தில், எந்த நாளில் இடம் காலி என்று காட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் முதலில் இணையத்தில் பதிவு செய்துகொண்டுதான் வர வேண்டியிருந்தது. கைப்பேசியில் விரல் பழகியவர்கள் கண் இமைக்கும் நேரத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இணையம் இல்லாத கூலிக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றமே கேட்டது. நேரில் வந்து பதிந்துகொள்ளும் வழியும் அந்த ஆண்டிலேயே திறக்கப்பட்டது.

அதிலே எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நேரத்தை இணையத்தில் காட்டலாம். ஆனால் அது ஒன்றே வாசல் ஆகிவிடக் கூடாது. பக்கத்திலேயே ஒரு போன் நம்பரும், கேட்டுச் சொல்ல ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

ஊருக்குப் பொருந்தும் இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும்.

அப்பாயிக்கு எப்போது வசதி?

கும்பகோணத்துக் கதையை முடிக்க வேண்டாமா?

ஆறாவது நாள், மூத்த மகனின் பெண் குறுக்கே வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். "அப்பா! நீங்கள் நாலு பேரும் காலண்டரில் ஒழிந்த நேரத்தை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டுங்கள். விவரம் ஒன்றும் வேண்டாம்" என்றாள். நால்வரும் அப்படியே செய்தார்கள். துபாய் அத்தை மாத டியூட்டிப் பட்டியலைப் பார்த்துத் தன் நேரத்தைக் குறித்தார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆயிற்று.

நான்கு காலண்டரையும் சேர்த்துப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை மாலை வெறுமையாக இருந்தது. நம் ஊரில் ஆறரை மணி. சிங்கப்பூரில் இரவு ஒன்பது. துபாயில் மாலை ஐந்து. நியூஜெர்சியில் காலை ஒன்பது. நால்வருக்கும் ஒத்துவந்தது. எல்லாரும் "சரி, சரி" என்று எழுதினார்கள்.

பெண் மட்டும் யோசித்தாள். கும்பகோணத்துக்குப் போன் போட்டாள்.

"அப்பாயி, ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு எல்லாரும் பேசப் போகிறார்கள். உங்களுக்கு வசதிப்படுமா?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. இந்த ஆறு நாட்களில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"ராகு காலம் ஆறு மணியோடு போய்விடும், கண்ணு. ஆனால் ஆறரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து என் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அவளுக்கு அந்த நேரம்தான் ஒழியும். ஏழு மணிக்கு வைக்கலாமா?"

நேரம் ஏழு மணி ஆயிற்று. நான்கு காலண்டரிலும் தானாகவே மாறியது. எந்தக் காலண்டரும் வைத்திருக்காத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக, நான்கு நாட்டுக் கடிகாரங்கள் அரை மணி நேரம் நகர்ந்தன!

போனை வைப்பதற்கு முன் அம்மா இன்னொன்று கேட்டார்.

"யாருடன் இருப்பது என்று என்னையும் கேட்பார்கள் அல்லவா?"

"கேட்பார்கள், அப்பாயி. நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்" என்றாள் பேத்தி.

ஒழிந்த நேரத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதன் முழுப் பயனும் இதில் அடங்கிவிட்டது. "எனக்கு ஒழிந்தபோது நீ வா" என்பது அதிகாரம். "உனக்கு எப்போது ஒழியும்?" என்பது மரியாதை. கைப்பேசிக் காலண்டர் அந்த இரண்டாவது கேள்வியை எளிதாக்குகிறது. அந்த அளவுக்கு அதை வரவேற்க வேண்டும். காலண்டரில் பெயர் இல்லாதவர்களையும் சேர்த்துக் கேட்பது மட்டும் எந்த இயந்திரத்தின் வேலையும் அல்ல. அது மனிதர் வேலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம்: "உங்களுக்கு எப்போது வசதி?"